புத்தக அக்கா பதில்கள்: ‘ங’வுக்கு எங்கே போவது?

அக்கா, நாங்கள் நான்கு பேர், ஒரே கம்பெனியில் தையல் வேலை. இந்த வருடம் அகர வரிசைப்படி புத்தகம் படிப்பது என்று பந்தயம் கட்டியிருக்கிறோம். அ, ஆ, இ வரை ஓடிவிட்டது. ‘ஈ’யில் நின்றுவிட்டோம். எட்டிப் பார்த்தால் ஐ, ஔ, ங, ஞ, ட என்று மிரட்டுகிறது. 247 எழுத்துக்கும் படிக்க வேண்டும் என்கிறாள் ஒருத்தி, உயிரெழுத்து பன்னிரண்டு போதும் என்கிறாள் இன்னொருத்தி. சொல்லுக்கு முதலில் வராத எழுத்துக்கு என்ன செய்வது? தோற்றவர் மற்றவர்களுக்குப் பிரியாணி வாங்கித் தர வேண்டும். அதனால் தீர்ப்பு தெளிவாக வேண்டும்.
- வாசகி, கொருக்குப்பேட்டை

பிரியாணி சம்பந்தப்பட்டிருப்பதால் பொறுப்போடு பேசுகிறேன்.

247 வேண்டாம். ஙூவுக்கும் ணௌவுக்கும் புத்தகம் வேண்டுமென்றால் நீங்கள் நால்வரும் எழுதி அச்சடித்தால்தான் உண்டு. பன்னிரண்டு என்றால் மாதம் ஒன்று; மூன்று எழுத்தை ஓட்டமாக முடித்தவர்களுக்கு அது காணாது. உயிர் 12, மெய் 18, ஆக 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 12 நாளுக்கு ஒரு புத்தகம். மெய்யில் ‘க்’ என்றால் க, கா, கி என்று கௌ வரை எதில் தொடங்கினாலும் செல்லும்.

முதலில் வராத எழுத்துகள் எட்டு: ட, ண, ர, ல, ழ, ள, ற, ன. இது நன்னூல் கணக்கு. ஆனால் அதை எழுதிய பவணந்தியார் காலத்தில் டீக்கடையும் லாரியும் ரயில்வே கேட்டும் இல்லை. இன்றைக்கு அட்டையில் ட, ர, ல என்று தொடங்கும் புத்தகங்கள் இருக்கின்றன, தாராளமாக எடுங்கள். ஜெயமோகனின் ‘ரப்பர்’ இருக்கிறது, யூமா வாசுகியின் ‘ரத்த உறவு’ இருக்கிறது. ‘இரத்தம்’ என்றுதான் எழுத வேண்டும், ஆகவே அது ‘இ’ என்று உங்களில் யாராவது சட்டம் பேசினால் அவரை முதலில் ஆட்டத்திலிருந்து நீக்குங்கள். ‘ல’வுக்கு மலேசியத் தமிழ் நாவல் ஒன்று, அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’. ‘ட’வுக்கு இ. பாலகிருஷ்ண நாயுடுவின் ‘டணாயக்கன் கோட்டை’. அந்தக் கோட்டை இப்போது பவானிசாகர் அணைத் தண்ணீருக்குள் கிடக்கிறது. புத்தகத்தில் மட்டும்தான் அதற்குள் போய் வர முடியும்.

மிச்சம் ண, ழ, ள, ற, ன. இந்த வழக்கை ஔவையார் எப்போதோ முடித்துவிட்டார். ஆத்திசூடியே ஓர் அகர வரிசைப் பந்தயம்தானே? ‘அறம் செய விரும்பு’வில் தொடங்கி எழுத்து எழுத்தாகப் போகிறவர், ‘ட’ வந்ததும் என்ன செய்தார்? ‘இடம்பட வீடு எடேல்’ என்றார். ‘ண’வுக்கு ‘இணக்கம் அறிந்து இணங்கு’. ‘ழ’வுக்கு ‘அழகு அலாதன செய்யேல்’. ‘ள’வுக்கு ‘இளமையில் கல்’. முதலில் வராத எழுத்தை இரண்டாம் இடத்தில் உட்கார வைத்து, முன்னால் ஓர் அகரமோ இகரமோ துணைக்கு அனுப்பினார். ‘ங’வுக்கு மட்டும் துணையே இல்லாமல் ‘ஙப்போல் வளை’ என்று நேராகப் போட்டார், அது அவருக்குத்தான் முடியும். ஆகவே இரண்டாம் எழுத்தாக வந்தால் செல்லும். இதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இந்த விதியை வைத்துக்கொண்டால் பள்ளமெல்லாம் நிரம்பிவிடுகிறது. ‘ண’வுக்கு அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நின்ற எவருக்கும் அது வேற்றூர்க் கதையாகத் தெரியாது. ‘ழ’வுக்குச் சிவகாமியின் ‘பழையன கழிதலும்’. ‘ள’வுக்கு ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’, 1870களின் பஞ்ச காலத்து மதராஸ், ஐஸ் ஹவுஸ் தொழிலாளர்கள். ‘ன’வுக்கு உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’. கனமான புத்தகம்தான், ஆனால் ஏட்டுச்சுவடி தேடி அலைந்த மனிதரைப் படித்தால் புத்தகம் கிடைக்கவில்லை என்று புலம்ப வாய் வராது. ‘ற’வுக்கு நம் வீட்டுப் பிள்ளை மாதிரி ஒன்று இருக்கிறது: கரன் கார்க்கியின் ‘கறுப்பர் நகரம்’. ஔவை மாதிரியே அ, இ-யில்தான் தொடங்க வேண்டும் என்று உங்களில் ஒருத்தி அடம்பிடித்தால் அதே கார்க்கியின் ‘அறுபடும் விலங்கு’ கையில் இருக்கட்டும். ‘ட’வுக்கும் அப்படியே, சம்பத்தின் ‘இடைவெளி’. சின்னப் புத்தகம், சாவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கும் ஒருவன் கதை. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து படிக்க வேண்டாம்.

‘ங’ இப்போது லேசாகிவிட்டது: அ. முத்துலிங்கத்தின் ‘அங்கே இப்ப என்ன நேரம்?’. சிரித்துக்கொண்டே முடிப்பீர்கள்.

அப்புறம் நீங்கள் நின்ற ‘ஈ’. சி.ஆர். ரவீந்திரனின் ‘ஈரம் கசிந்த நிலம்’ தேடுங்கள். ‘ஊ’வுக்குக் கன்னடக் கவிஞர் சித்தலிங்கையாவின் தன்வரலாறு ‘ஊரும் சேரியும்’, பாவண்ணன் மொழிபெயர்ப்பு. வலியை இவ்வளவு கேலியோடு சொல்ல முடியுமா என்று இருக்கும். ‘ஓ’வுக்கு ‘ஓநாய் குலச்சின்னம்’, சி. மோகன் தமிழில் தந்தது. மங்கோலியப் புல்வெளி, ஓநாய்கள், நல்ல தடிமன். தீபாவளி ஆர்டர் நேரத்தில் தொடாதீர்கள். ‘ஞ’வுக்குப் பாரதியாரின் ‘ஞானரதம்’. திருவல்லிக்கேணியில் ஒரு மாடியில் இருந்தபடியே வேறு வேறு லோகத்துக்குப் போய்வருவார், ஒல்லிப் புத்தகம். ‘ய’வுக்கு எஸ். ராமகிருஷ்ணனின் ‘யாமம்’, பழைய மதராஸில் அத்தர் செய்யும் குடும்பம் வருகிறது. ‘ஔ’வுக்கு இன்குலாப் எழுதிய ‘ஔவை’ நாடகம். நான்கு பேர் இருக்கிறீர்கள், பாத்திரம் பிரித்துச் சத்தமாகப் படியுங்கள்.

‘ஐ’யைப் பற்றித்தான் எனக்கு ஆசை. ‘ஐங்குறுநூறு’ எடுங்கள். சங்க இலக்கியமா என்று பின்வாங்க வேண்டாம். ஐந்து புலவர்கள், ஆளுக்கு நூறு பாட்டு, ஒவ்வொன்றும் மூன்று முதல் ஆறு அடிதான். உரையோடு வாங்கிக்கொண்டு, அம்மூவனாரின் நெய்தல் நூறிலிருந்து ஆரம்பியுங்கள். கடலும் உப்பங்கழியும் நாரையும் காத்திருக்கும் பெண்ணும். காசிமேட்டுக் காற்று வீசும் வீட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்காமல் விட்டால் எப்படி? கொருக்குப்பேட்டை கேட்டில் ஒரு கூட்ஸ் வண்டி போய் முடிவதற்குள் இரண்டு மூன்று பாட்டு தேறும்.

கடைசியாக ஒன்று. வரிசைப்படி போகாதீர்கள். கஷ்டமான எழுத்துகளை முதலில் முடித்துவிடுங்கள். அ, க, ம, வ எல்லாம் டிசம்பரில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் கிடைக்கும்.

அக்கா, ‘ஒரு புளியமரத்தின் கதை’ ‘ஒ’வில் சேருமா, ‘பு’வில் சேருமா? ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ எங்கே போகும்?
- கல்லூரி மாணவர், பெரம்பூர்

அட்டையில் முதலில் கண்ணில் படுவது எதுவோ அதுதான். ‘ஒ’. அப்பாவுக்குப் பிறகு நான் பார்த்துக்கொண்ட வாடகை நூல்நிலையத்தில் ‘ஒரு’ என்று தொடங்கும் தலைப்புகளுக்கென்றே பதிவேட்டில் கூடுதல் பக்கம் ஒதுக்க வேண்டியிருந்தது. நம் எழுத்தாளர்களுக்கு அந்தச் சொல் மீது அப்படி ஒரு பாசம். ஆசிரியர் பெயரை வைத்து விளையாடலாமே என்று நினைக்காதீர்கள். சுந்தர ராமசாமி ‘சு’வா ‘ரா’வா, ஜி. நாகராஜன் ‘ஜி’யா ‘நா’வா என்று சண்டைதான் வரும்.

ஜ, ஸ, ஷ, ஹ நான்கும் ரம்மியில் ஜோக்கர் மாதிரி. வருடத்துக்கு ஒன்று, கிடைக்காத எந்த எழுத்துக்குப் பதிலாகவும் இறக்கலாம். 1981இல் வந்த ஜே.ஜே.யை அப்படி இறக்குங்கள். சாரு நிவேதிதாவின் ‘ஸீரோ டிகிரி’யையும் இறக்கலாம், அது அவரவர் விருப்பம்.

அம்மா, புத்தகத்தை உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துத்தானே எடுக்க வேண்டும்? எழுத்தைப் பார்த்து எடுப்பது சிறுபிள்ளை விளையாட்டாக இல்லையா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், பழைய வண்ணாரப்பேட்டை

விளையாட்டுதான் ஐயா. ஆனால் உள்ளே இருப்பதைப் பார்த்து எடுக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் என்ன எடுப்பார்கள் என்று கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவள் நான். துப்பறியும் நாவல் எடுப்பவர் அதையே எடுப்பார். குடும்ப நாவல் எடுப்பவர் அதே ஆசிரியரின் அடுத்ததைக் கேட்பார், இல்லையென்றால் முகம் வாடித் திரும்பிப் போவார். பக்கத்து அலமாரிக்கு ஓர் அடிதான் தூரம், யாரும் நகர மாட்டார்கள். நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கைமேல் வைத்தும் கொடுத்தேன். இலக்கிய ஆட்களும் இதில் குறைச்சலில்லை, தி. ஜானகிராமன் முடித்தால் மறுபடி தி.ஜா.தான்.

எழுத்துக்கு ரசனை கிடையாது. அதனால்தான் அது சொன்னால் நகர்கிறார்கள். தனக்கென்று நாடகப் பிரதி ஒன்றை எடுத்திருக்கவே மாட்டாத பெண், ‘ஔ’ வேண்டுமே என்று எடுக்கிறாள். பிடிக்காமல் போனால் போகட்டும். ஐம்பது பக்கம் படித்தும் ஒட்டவில்லை என்றால் வைத்துவிட்டு அதே எழுத்தில் வேறொன்று எடுக்கலாம் என்பதையும் விதியில் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன். கட்டாயத்துக்குப் படிக்கப் பள்ளிக்கூடம் போதும். இதை உங்களிடம் சொல்லக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது.

அக்கா, மகன் எட்டாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். ஏ முதல் இசட் வரை இங்கிலீஷ் புத்தகம் படிக்கிறான். தமிழ்ப் புத்தகம் என்றாலே ஓடுகிறான்.
- வாசகி, தண்டையார்பேட்டை

விரட்டாதீர்கள். அவன் பந்தயத்திலேயே தமிழை நுழைத்துவிடுங்கள். ‘டி’க்கு ‘டோட்டோ சான்’ தமிழில் இருக்கிறது, ரயில் பெட்டியில் வகுப்பு நடக்கும் பள்ளிக்கூடம். ‘ஏ’க்கு இரா. நடராசனின் ‘ஆயிஷா’. ஒரே உட்காரலில் முடிந்துவிடும், முடித்ததும் கொஞ்ச நேரம் அவனிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். ‘கே’க்கு ‘குட்டி இளவரசன்’. மூன்று போதும். நான்காவதை அவனே கேட்கட்டும், கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

முப்பது புத்தகம் என்றால் பர்ஸ் தாங்குமா அக்கா?
- வாசகர், எண்ணூர்

முப்பதையும் யார் வாங்கச் சொன்னது? ஆத்திசூடி, ஐங்குறுநூறு, பாரதியார் போன்ற பழைய நூல்களை ‘ப்ராஜெக்ட் மதுரை’ 1998இலிருந்து இலவசமாக இணையத்தில் ஏற்றி வருகிறது. போனிலேயே படிக்கலாம், கண் ஒத்துழைத்தால். அரசு நூலகம் பக்கத்தில் இருக்கும், ஒருமுறை உள்ளே போய் உறுப்பினராகிவிடுங்கள். அங்கே இல்லாததை எழும்பூர் கன்னிமாராவில் தேடலாம். 1896இல் திறந்த நூலகம், இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களில் ஒரு பிரதி அங்கே போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம். அங்கேயே உட்கார்ந்து படிக்க ஒரு பகலை ஒதுக்குங்கள். கொருக்குப்பேட்டைப் பெண்கள் முடித்த புத்தகங்களையும் கேட்டுப் பார்க்கலாம், கும்மிடிப்பூண்டி லைனில் ஒரே வண்டி.

பழைய புத்தகம் என்றால் எங்கள் தலைமுறைக்கு மூர் மார்க்கெட். 1985இல் அது எரிந்துபோன பிறகு கடைகள் அல்லிக்குளம் பக்கம் போயின. பழைய புத்தகக் கடையில் போய் “அண்ணே, ‘ஞ’வில் ஏதாவது இருக்கா?” என்று கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கேளுங்கள், அவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே. பேரம் முடித்துப் பணத்தை எடுக்கும் முன் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.