அத்தபாஸ்கா பனியாற்றைப் பார்க்க எந்த வழி?

கேள்வி: ஜூலை மாதம் ரொறன்ரோவிலிருந்து கல்கரிக்கு விமானத்தில் சென்று, அங்கிருந்து காரில் பான்ஃப் வழியாக ஜாஸ்பருக்குப் போகிறோம். வழியில் அத்தபாஸ்கா பனியாற்றைப் பார்க்க ஆசை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் மாமாவும் மாமியும் எங்களோடு வருகிறார்கள். மாமிக்கு முழங்கால் வலி. மகளுக்கு ஒன்பது வயது. பனியின் மேல் ஏறும் பேருந்தில் போவதா, வழிகாட்டியோடு நடப்பதா, செலவில்லாமல் கீழே நின்று பார்த்தால் போதுமா? நடக்கத்தான் வேண்டும் என்கிறார் கணவர்.
– ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஐந்து பேரும் ஒரே விதமாகப் பார்த்தாக வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், ஒன்று மாமி வலியைப் பொறுத்துக்கொண்டு நடப்பார், இல்லையேல் உங்கள் கணவர் மனக்குறையோடு திரும்புவார். மாமா, மாமி, மகள் ஆகியோரோடு நீங்கள் பேருந்தில் செல்லுங்கள். கணவர் வழிகாட்டியோடு நடக்கட்டும். அதன்பின் எல்லோருமாக அடிவாரத்து நடைபாதைக்குப் போங்கள். இதுவே என் யோசனை.

பேருந்துப் பயணம் பனியாற்றுக்கு எதிரே உள்ள கொலம்பியா ஐஸ்ஃபீல்ட் மையத்திலிருந்து புறப்படுகிறது. சாதாரணப் பேருந்தில் சிறிது தூரம் சென்றபின், ஏறக்குறைய மார்பளவு உயரமுள்ள சக்கரங்களோடு நிற்கும் ‘ஐஸ் எக்ஸ்புளோரர்’ வண்டிக்கு மாற வேண்டும். பனியாறு தள்ளிக் குவித்த கல்மேட்டின் செங்குத்தான சரிவில் அது மெல்ல இறங்கிப் பனியின் மேல் ஏறும்போது பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். பாதுகாப்பானதென எல்லை குறித்த இடத்தில் சுமார் அரை மணி நேரம் நிற்கலாம். கோடையில் மேற்பரப்பில் உருகிய நீர் ஓடிக்கொண்டிருப்பதால் வழுக்கும். மாமியின் கையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டியின் படிகள் உயரமானவை என்பதால், அவருடைய முழங்காலைப் பற்றி முன்பதிவின்போதே சொல்லிவிடுவது நல்லது. 2020 ஜூலையில் இத்தகைய வண்டியொன்று சரிவில் உருண்டு மூவர் உயிரிழந்தனர் என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அதன்பின் வண்டிகளில் இருக்கைப் பட்டிகள் பொருத்தப்பட்டன. அந்தப் பட்டியை மகள் கட்டாயம் அணிந்திருக்கட்டும்.

பனியாற்றை உண்மையிலேயே அறிய விரும்புபவருக்கு வழிகாட்டியோடு நடப்பதற்கு இணையாக எதுவுமில்லை என்பதால், உங்கள் கணவரின் பக்கமே நானும் நிற்கிறேன். காலணிக்கு அடியில் இரும்பு முட்களைக் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ நடக்கும்போது, தொலைவிலிருந்து அழுக்கு வெள்ளையாகத் தெரிந்த பரப்பு எத்தனை விதமானது என்பது புரியத் தொடங்கும். உருகிய நீர் பனியை அறுத்து ஓடைகளாக ஓடி, ஓரிடத்தில் வட்டமான குழிக்குள் சுழன்று விழுந்து மறையும். அந்தக் குழியின் சுவர் உள்ளே போகப் போக ஆழ்ந்த நீலமாகிக்கொண்டே போகும். அழுத்தத்தால் காற்றுக் குமிழிகள் நீங்கி இறுகிய பனிக்கட்டி ஒளியின் சிவப்பை விழுங்கி நீலத்தை வெளியே விடுவதால் வரும் நிறம் அது. இந்தப் பனியாறு பிறக்கும் கொலம்பியா பனிப்பரப்பிலிருந்து உருகும் நீர் மூன்று பெருங்கடல்களுக்குப் பிரிந்து போகிறது. அவர் காலடியில் ஓடும் நீர் அத்தபாஸ்கா ஆறாகி வடக்கே ஆர்க்டிக் பெருங்கடலை அடைவது. மகளும் நடக்க ஆசைப்பட்டால், சிறுவர்களுக்கான குறைந்தபட்ச வயதை நடத்துபவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடிவாரத்து நடைபாதைக்குத் தேசியப் பூங்காவின் நுழைவுச் சீட்டைத் தவிர வேறு கட்டணம் இல்லை. செலவில்லாதது என்பதற்காக அதைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள். அங்குள்ளதைப் பேருந்து காட்டுவதில்லை. பனியாற்றின் நுனி எந்த ஆண்டில் எங்கே இருந்தது என்பதை வழி நெடுக நட்டிருக்கும் பலகைகள் சொல்கின்றன. 1840களில் இன்றைய மையத்தின் அருகே வரை நீண்டிருந்த பனி, அதன்பின் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிட்டது. 1982, 1992 என்ற பலகைகளைக் கடந்து, வெறும் கல்லும் சேறுமாகக் கிடக்கும் நிலத்தில் ஏறிப் போனால், மாமாவும் மாமியும் இளவயதினராக இருந்த காலத்தில் பனி மூடியிருந்த இடத்தில் தாம் நிற்பதை மகள் தானே கணக்கிட்டுக்கொள்வாள். பாதை சற்று ஏற்றமானது. மாமி தொடக்கத்துப் பலகைகள் வரை வந்தாலே போதும்.

அந்தப் பாதை முடியுமிடத்தில் உள்ள கயிற்றுத் தடுப்பைத் தாண்டிப் படம் எடுக்கப் போகிறவர்களை நீங்கள் பார்ப்பீர்கள். தயவு செய்து ஒருவரும் தாண்டாதீர்கள். ஆழமான பனிப்பிளவுகளை மெல்லிய பனி மூடியிருக்கும். அவற்றில் விழுந்து சிக்கியவர்கள், மீட்பவர்கள் வந்து சேருமுன்பே குளிரில் விறைத்து இறந்திருக்கிறார்கள். அவர்களில் பிள்ளைகளும் உண்டு.

அருகிலுள்ள கண்ணாடித் தள நடைமேடைக்கும் சேர்த்துச் சீட்டு விற்பார்கள். பள்ளத்தாக்கின் காட்சி அழகானதுதான், ஆனால் நீங்கள் தேடி வருவது பனியாறு என்பதால் அதை விட்டுவிடலாம்.

ஜூலையில் கூட்டம் மிகுதி. பேருந்து, நடை இரண்டையும் முன்பே பதிவு செய்து, பேருந்துக்குக் காலை நேரத்தைக் கேளுங்கள். வெயில் அடித்தாலும் பனியின் மேலிருந்து கீழ்நோக்கி வீசும் காற்று எலும்பைத் துளைக்கும். மாமா மாமிக்குக் காதை மூடும் தொப்பி, கையுறை, காற்றுப் புகாத மேலங்கி ஆகியவையும், எல்லோருக்கும் கறுப்புக் கண்ணாடியும் தேவை. வழியில் பெரும்பகுதியிலும் கைபேசிக்கு இணைப்புக் கிடைக்காது என்பதால், கணவரோடு மீண்டும் சேரும் இடத்தையும் நேரத்தையும் பிரியுமுன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். லேக் லூயிஸை விட்டால் ஜாஸ்பர் வரை எரிபொருள் கிடைப்பது சஸ்காச்சுவான் ரிவர் கிராசிங்கில் மட்டுமே. லேக் லூயிஸிலேயே தாங்கியை நிரப்பிவிட்டுப் புறப்படுங்கள்.