மாதம் 15 வெள்ளி எதற்கு?

கேள்வி: வயதான அம்மாவைக் கவனித்துக்கொள்ள வீட்டில் கேமரா வைத்தோம். பொருத்த வந்தவர், வேலையிடத்திலிருந்து கைப்பேசியில் பார்க்க ஸ்டேட்டிக் ஐபி கட்டாயம் என்று சொல்லி, மாதம் 15 சிங்கப்பூர் வெள்ளிக்கு 24 மாத ஒப்பந்தம் போட்டுவிட்டார். இது தேவைதானா? – ஈசூன் வாசகி

பதில்: தேவையே இல்லை, அக்கா. உங்களிடம் 360 வெள்ளிக்குப் பொய் சொல்லியிருக்கிறார்கள். உங்கள்மேல் ஒரு தவறும் இல்லை.

இணையத்தில் சேரும் இணைப்புக்கு ஓர் எண் முகவரி தேவை. அதுதான் ஐபி. அதை நிறுவனம் தற்காலிகமாகக் கொடுத்து அவ்வப்போது மாற்றினால் டைனமிக். உங்களுக்கென்றே ஒதுக்கி மாற்றாமல் வைத்தால் ஸ்டேட்டிக். வெளியிலிருந்து ஒருவர் நேராக உங்கள் வீட்டு முகவரியைத் தேடி வரவேண்டும் என்றால்தான் மாறாத முகவரிக்கு வேலை. உங்கள் கேமராவை கியூஆர் குறியை ஸ்கேன் செய்து இணைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வகைக் கேமரா, தானே வெளியே போய்த் தயாரிப்பாளரின் சர்வரோடு தொடர்பு வைத்துக்கொள்ளும். உங்கள் கைப்பேசியும் அங்கே போய்த்தான் கேமராவைக் கண்டுபிடிக்கிறது. வீட்டு முகவரி தினம் மாறினாலும் படம் வரும்.

நீங்கள் அனுப்பிய ரசீதைப் பார்த்தேன். "ஐபி சர்வீஸ்" என்று இரண்டே சொல், பக்கத்தில் தொகை. இப்படி ரசீது எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. பெரியவர்கள் இருக்கும் வீடாகப் பார்த்து, புரியாத சொல்லைச் சொல்லிக் காசு வாங்குகிறார்கள். சிலர் மாறாத முகவரியை வாங்க வைத்து, வெளியிலிருந்து கேமராவுக்கு வழியும் திறந்துவிட்டு, தொழிற்சாலைக் கடவுச்சொல்லை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். 2016இல் மிராய் என்ற நச்சு நிரல் உலகமெங்கும் கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றியது இப்படி மாற்றாமல் விட்ட கடவுச்சொற்களால்தான். இன்றைக்கே உங்கள் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

அப்புறம், எந்தச் சாதனத்துக்காக இந்தச் சேவை என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள். தேவையில்லாத சேவையைத் தேவை என்று சொல்லி விற்பது, பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டப்படி நியாயமற்ற நடைமுறை. மழுப்பினால் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போங்கள். அதற்கும் மசியாவிட்டால் சிறு உரிமைக் கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

கேள்வி: கேம் வேகமாக ஓடும் என்று கண்காட்சியில் சொன்னதால் ஸ்டேட்டிக் ஐபி எடுத்தேன். வேகம் கூடவில்லை. ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை. – பொங்கோல் வாசகர்

பதில்: கூடாது, தம்பி. முகவரிக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. சொன்னவர் தப்பாகச் சொன்னார், சரி. ஆனால் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர் இரண்டு பக்கம் படிக்க வேண்டாமா? இடையில் நிறுத்தினால் எவ்வளவு கட்டவேண்டும் என்று அதில் இருக்கும். இப்போதாவது படியுங்கள்.

கேள்வி: வீட்டுச் சேமிப்புப் பெட்டியில் உள்ள கோப்புகளை வெளியூரிலிருந்து திறக்க முடியவில்லை. ஸ்டேட்டிக் ஐபி வாங்கலாமா? – தெம்பனிஸ் வாசகர்

பதில்: அவசரப்படாதீர்கள். நானும் ஜொகூரிலிருந்து குடும்பப் படங்களைத் திறப்பதற்காக இதே மாதிரிப் பெட்டி ஒன்று வாங்கி, மூன்று இரவு ரூட்டரோடு மல்லுக்கட்டினேன். அது வேலை செய்யவில்லை என்று இன்னும் விலை கூடிய ரூட்டர் ஒன்றையும் வாங்கினேன். அந்தக் காசு வீண். கோளாறு ரூட்டரில் இல்லை, இணைப்பில் இருந்தது.

ஐபிவி4 என்ற பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். உலகக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்றே பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. அதனால் சில நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகின்றன. அப்போது வெளியிலிருந்து வருகிறவருக்கு உங்கள் வீட்டுக்கு நேர் வழி கிடைக்காது. உங்கள் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'வேன் ஐபி' (வெளி இணைப்பின் முகவரி) என்று ஓர் எண் இருக்கும். அது 100.64 முதல் 100.127 வரை ஏதாவதொன்றில் தொடங்கினால் நீங்களும் பங்கு முகவரியில்தான் இருக்கிறீர்கள். தனிப் பொது முகவரி தருவார்களா என்று முதலில் கேளுங்கள். அது மாறும் முகவரியாக இருந்தாலும் போதும். முகவரி மாற மாற ஒரே பெயரை அதோடு இணைத்துக்கொண்டே வரும் டைனமிக் டிஎன்எஸ் வசதி பல ரூட்டர்களில் இலவசமாகவே இருக்கிறது.

கேள்வி: வீட்டிலிருந்து கணக்கு எழுதுகிறேன். வாடிக்கையாளர் நிறுவனம், பதிவு செய்த ஒரே ஐபி முகவரியிலிருந்து மட்டும் தன் கணினிக்குள் விடும் என்கிறது. – சிராங்கூன் வாசகி

பதில்: ஸ்டேட்டிக் ஐபி வாங்குங்கள். இதற்குத்தான் அது இருக்கிறது. வீடு மாறினால் அதே எண் கூட வருமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிரிண்டர் அடிக்கடி காணாமல் போகிறது. அதற்கும் ஸ்டேட்டிக் ஐபி மாதக் கட்டணமா? – ஜூரோங் வாசகர்

பதில்: ஒரு காசும் வேண்டாம். வீட்டுக்குள் பிரிண்டருக்கு எண் கொடுப்பது உங்கள் ரூட்டர்தான். ரூட்டர் அமைப்பில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில் பிரிண்டருக்கு ஓர் எண்ணை ஒதுக்கிவிடுங்கள்.