வாஷிங் மெஷினில் தண்ணீர் சூடாகவில்லையா? மெக்கானிக்கைக் கேளுங்கள்

புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்து வீடுகளிலிருந்து வந்த கேள்விகள் இவை. பேரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். பெரும்பாலும் ஃப்ரண்ட் லோடு மெஷின் பற்றியவை. உள்ளேயே ஹீட்டர் இருப்பது அதிகமும் அதில்தான்.

லாஸ்பேட்டை: அண்ணே, 40 டிகிரி வைத்துத்தான் துவைக்கிறேன். கதவுக் கண்ணாடியைத் தொட்டால் சூடே தெரியவில்லை. பார்க்க வந்த பையன் ஹீட்டர் போய்விட்டது என்கிறார். மாற்றிவிடட்டுமா?

பொறுங்க. இது மே மாதம். மொட்டைமாடி சிண்டெக்ஸ் தண்ணீர் மதியம் குழாயில் எப்படி வருகிறது என்று உங்களுக்கே தெரியும். அதுவே 40 டிகிரியை ஒட்டி வந்தால், மெஷின் ஹீட்டரைப் போடவே போடாது. அதற்கு மேல், 40 டிகிரித் தண்ணீரைக் கண்ணாடி வழியாகத் தொட்டால் பெரிதாக ஒன்றும் தெரியாது.

நாளைக் காலை வெயில் ஏறுமுன் காட்டன் 60 போடுங்கள். எக்கோ, குவிக் எதுவும் வேண்டாம். 10 லிட்டர் தண்ணீரை 30-லிருந்து 60-க்கு ஏற்ற 2000 வாட் ஹீட்டருக்குக் கணக்குப்படி பத்தரை நிமிஷம் போதும். துணியும் டிரம்மும் கொஞ்சம் சூடு குடிக்கும், அதனால் அரை மணி நேரம் விட்டுத் தொட்டுப் பாருங்கள்.

இன்னொரு வழியும் உண்டு, கருவி எதுவும் வேண்டாம். ஏசி, ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு கரண்ட் மீட்டர் முன்னால் நில்லுங்கள். அதில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். மீட்டரில் 3200 என்று அச்சிட்டிருந்தால், யூனிட்டுக்கு 3200 முறை மின்னும் என்று அர்த்தம். டிரம் மட்டும் சுற்றும்போது சில விநாடிக்கு ஒரு முறைதான் மின்னும். ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் விநாடிக்கு இரண்டு முறைக்குப் பக்கத்தில் படபடக்கும். அப்படி அடித்தால் ஹீட்டர் உயிரோடுதான் இருக்கிறது, அந்தப் பையனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

முத்தியால்பேட்டை: மீட்டர் படபடக்கவில்லை. எனக்கு மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும். எங்கே வைத்துப் பார்ப்பது?

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஹீட்டர், டிரம்மைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் டப்புக்கு அடியில் இருக்கும். சில மாடலில் பின் தகட்டைக் கழற்றினால் தெரியும், சிலதில் முன்பக்கம். இரண்டு தடித்த வயர், நடுவில் ஒரு நட்டு, பக்கத்தில் மெல்லிய வயரோடு, சூட்டை அளக்கும் சின்ன சென்சார்.

முதலில் கண்ணால் பாருங்கள். வயர் முனையில் செருகியிருக்கும் கிளிப் கருத்து, பிளாஸ்டிக் உருகியிருந்தால் பாதி விஷயம் அங்கேயே முடிந்தது. நம் ஊர் உப்புக்காற்றில் கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்துவிடும். தளர்ந்த இடத்தில் எட்டொன்பது ஆம்பியர் ஓடினால் எரியத்தான் செய்யும். ஹீட்டர் நன்றாக இருந்தும் கிளிப் எரிந்ததற்காகப் புது ஹீட்டர் போட்ட வீடுகள் நிறைய.

அப்புறம் கிளிப்பைக் கழற்றி இரண்டு முனைக்கும் இடையே ஓம் பாருங்கள். 1800, 2000 வாட் ஹீட்டர் என்றால் 26-லிருந்து 30 ஓம் வரை காட்டணும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் உள்ளே அறுந்துவிட்டது. அடுத்து ஒவ்வொரு முனைக்கும் ஹீட்டரின் உலோக உடம்புக்கும் இடையே பாருங்கள். இங்கே எதுவும் காட்டக் கூடாது.

ஹீட்டர் சரி என்றால் சென்சார். அறைச் சூட்டில் சில ஆயிரம் ஓம் காட்டும், வெந்நீரில் நனைத்தால் மளமளவென்று இறங்கணும். இறங்காமல் நின்றால் அதுதான் வில்லன். அதன் விலை ஹீட்டரை விடக் குறைவு. இரண்டும் சரி என்றால் போர்டில் உள்ள ரிலே, அதாவது ஹீட்டரைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். அதைக் கரண்ட் இருக்கும்போதுதான் சோதிக்க முடியும், ஆகவே அங்கே நிறுத்திக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

வில்லியனூர்: சார், குளிர்ந்த தண்ணீரில் நன்றாக ஓடுகிறது. 60 வைத்தால் ஐந்து நிமிஷத்தில் வீட்டு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது.

ஹீட்டரின் உறை விட்டுப்போய் கரண்ட் தண்ணீருக்குக் கசிகிறது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது விழணும், அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். எலெக்ட்ரீஷியன் யாராவது "ஆர்சிசிபியை எடுத்துட்டு டைரக்டா குடுத்துடலாம்" என்றால் அவரை வாசலோடு அனுப்புங்கள். ஹீட்டர் மாற்றும்வரை குளிர்ந்த நீர் புரோகிராம் கூட வேண்டாம், பிளக்கைப் பிடுங்கியே வையுங்கள்.

தேவனாம்பட்டினம், கடலூர்: கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. போர் தண்ணீர்தான். ஹீட்டர் அடிக்கடி போகிறது. மட்டமான பொருளைப் போடுகிறார்களோ?

இருக்கலாம். ஆனால் உங்கள் தண்ணீரை முதலில் சந்தேகப்படுகிறேன். கடினத் தண்ணீரைச் சூடாக்கினால் சுண்ணாம்பு ஹீட்டர் மேல்தான் படியும். படிவம் தடிக்கத் தடிக்க சூடு தண்ணீருக்கு இறங்காமல் உள்ளேயே தங்கி, கம்பி வெந்து அறுந்துவிடும். உவர் தண்ணீரில் இருக்கும் உப்பு வேறு உறையைப் பொத்தல் பொத்தலாக அரிக்கும்.

சுண்ணாம்புக்கு மருந்து எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். மளிகைக் கடையிலேயே கிடைக்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை 100 கிராம் டிரம்முக்குள் போட்டு, துணி இல்லாமல் 60 டிகிரியில் ஒரு ஓட்டு. அதோடு பிளீச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும். அரிப்புக்கு இது உதவாது. கார்ப்பரேஷன் தண்ணீர் வருமானால் மெஷினுக்கு அதைத் தனி லைனாகக் கொடுங்கள்.

மாற்றும்போது பக்கத்தில் நின்று ஒன்றைக் கவனியுங்கள். டப்புக்குள் ஹீட்டரின் நுனியைத் தாங்க ஒரு கொக்கி இருக்கும். அதில் நுழையாமல் சும்மா தள்ளி நட்டை முறுக்கினால், ஸ்பின் ஓடும்போது டிரம் உரசும். நட்டை முறுக்கிய பிறகு டிரம்மைக் கையால் சுற்றச் சொல்லுங்கள், கீச்சென்று சத்தம் வந்தால் மறுபடி கழற்றணும். பழைய ஹீட்டரை எடுத்த ஓட்டை வழியாக ஹேர்பின், காசு, சேஃப்டி பின் எல்லாம் வெளியே வரும். அதையும் எடுக்கச் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம்: சூடாகிறது. ஆனால் இரண்டு மணி நேர வாஷ் மூன்றரை மணி நேரம் இழுக்கிறது. சாயந்திரம்தான் இப்படி.

லோ வோல்டேஜ். 230-இல் 2000 வாட் தரும் ஹீட்டர் 180-க்கு இறங்கினால் 1225 வாட்தான் தரும். சூடு வரும்வரை மெஷின் காத்திருக்கும். காலையில் போடுங்கள்.

ரெட்டியார்பாளையம்: வீடு மாறியதிலிருந்து தண்ணீர் நிரம்பிக்கொண்டே இருக்கிறது, சூடாவதே இல்லை. பழைய வீட்டில் நன்றாக இருந்தது, அண்ணே.

வெளியேற்றும் பைப்பைப் பாத்ரூம் தரையில் போட்டிருக்கிறீர்களா? இருந்தால் அதுதான். உள்ளே வரும் தண்ணீர் தானாக வடிந்துகொண்டே இருக்கும். டப்பில் போதிய மட்டம் நிற்காமல் ஹீட்டர் போடாது. போட்டால் வெறும் ஹீட்டர் கருகிவிடும் என்பதால் மெஷின் அப்படி. பைப்பின் வளைவைத் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் சுவரில் மாட்டுங்கள். பைசா செலவில்லை.

கடலூர் முதுநகர்: 2024-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு வந்த வெள்ளத்தில் மெஷின் முழங்கால் ஆழத்தில் நின்றது. காயவைத்து ஓட்டினோம், எல்லாம் ஓடுகிறது, சூடு மட்டும் இல்லை.

முழங்கால் என்றால் ஹீட்டர் கிளிப், சென்சார் கனெக்டர், மோட்டார் எல்லாமே முங்கியிருக்கும். வெளியே காய்ந்தாலும் கனெக்டருக்குள் சேறும் உப்பும் பச்சையாகப் பூத்துக்கொண்டே இருக்கும். மேலே சொன்ன ஓம் சோதனைக்கு முன் எல்லா கனெக்டரையும் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைக்கச் சொல்லுங்கள். எர்த் வயரையும் சேர்த்து. பாதிக்குப் பாதி வாய்ப்பு அதிலேயே சரியாகிவிடும்.

அரியாங்குப்பம்: செமி ஆட்டோமேட்டிக்கில் அடுப்பில் காய்ச்சிய தண்ணீரை ஊற்றலாமா, தம்பி?

கொதிக்கக் கொதிக்க வேண்டாம்மா, டப் பிளாஸ்டிக். கை பொறுக்கும் சூட்டில் ஊற்றுங்கள்.

முதலியார்பேட்டை: ஹீட்டரை மாற்றாமலே ஓட்டினால் என்ன?

ஹீட்டர் வெறுமனே அறுந்திருந்தால் ஓட்டலாம். ஆர்சிசிபி விழும் கேஸ் வேறு. 60 வைத்தால் பல மெஷின் எரர் காட்டி நின்றுவிடும், குளிர்ந்த நீர் புரோகிராமில் ஓடும். பவுடருக்குப் பதில் லிக்விட் ஊற்றுங்கள், பச்சைத் தண்ணீரில் பவுடர் சரியாகக் கரையாது. ஓடி முடிந்ததும் கதவைத் திறந்தே போடுங்கள், ரப்பர் மடிப்பைத் துணியால் துடையுங்கள். இல்லையென்றால் ஐப்பசி வந்ததும் பூஞ்சை வாடை ஆரம்பித்துவிடும்.