கும்பகோணத்துப் பட்டறைகள், காபி, சந்தை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: தை மாதத்தில் குடும்பத்துடன் கும்பகோணம் செல்கிறோம். கோவில்களை முன்பே தரிசித்துவிட்டோம். இந்த முறை அங்குள்ள கைத்தொழில்களையும் சந்தையையும் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகிறேன். இரண்டு நாள் போதுமா? – வாசகி, சேலம்.

பதில்: போதும். சுவாமிமலை, தாராசுரம், நாச்சியார்கோவில், திருபுவனம், நரசிங்கம்பேட்டை ஆகிய ஐந்து ஊர்களும் கும்பகோணத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கின்றன. முதல் நாள் விடியற்காலையில் தாராசுரம் காய்கறிச் சந்தையைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து சுவாமிமலைக்குப் போய் மதியம் வரை சிலை வார்க்கும் பட்டறைகளில் இருங்கள். மறுநாள் காலை நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறைகளைப் பார்த்துவிட்டுக் கும்பகோணத்துக்குத் திரும்பி, மாலையில் மயிலாடுதுறை சாலையில் பட்டு நெய்யும் திருபுவனத்துக்கும் நாதசுரம் செய்யும் நரசிங்கம்பேட்டைக்கும் செல்லலாம். நேரம் நெருக்கினால் ஓர் ஊரை விட்டுவிடுங்கள். எல்லா ஊரையும் எட்டிப் பார்த்துவிட்டு வருவதைவிட ஒரு பட்டறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதில்தான் பிள்ளைகளுக்குப் பயன் என்பது என் உறுதியான கருத்து.

இந்தத் தொழில்கள் இங்கே கூடியிருப்பதில் காவிரிக்குப் பெரும் பங்கு உண்டு. சிலைக்கு முதல் பூச்சாகும் நயமான வண்டல், விளக்கின் அச்சுக்கு வேண்டிய மணல், நாதசுரத்தின் ஊதுவாயான சீவாளிக்கு வேண்டிய நாணல், வெற்றிலைக் கொடிக்காலுக்கு ஏற்ற படுகை நிலம் எல்லாமே ஆற்றோரத்தில் கிடைக்கின்றன. வழியில் ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தி அந்த வண்டலைப் பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கட்டும். பிறகு பட்டறையில் அதே மண்ணைக் கண்டதும் அவர்களுக்கே விளங்கிவிடும்.

பொங்கலை ஒட்டிய நாள்களைத் தவிர்த்துவிடுங்கள், பட்டறைகள் மூடியிருக்கும். கம்மியர்களும் நெசவாளர்களும் அமாவாசையன்று வேலையை நிறுத்திவைக்கும் வழக்கம் பல இடங்களில் இருப்பதால் நாட்காட்டியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வதாக இருந்தால் அவருடைய ஊதியத்தை முதலிலேயே பேசி முடித்து, கடைகளுக்கு அழைத்துச் செல்வதைவிடப் பட்டறைகளைக் காட்டுவதையே விரும்புவதாகத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கடைக்காரர் தரும் தரகை நம்பிச் சுற்றிக்காட்டுபவரோடு போனால் பொருள் விற்கும் இடங்களைத்தான் பார்க்க முடியும், அது உருவாகும் இடங்களைப் பார்க்க முடியாது.

கேள்வி: சுவாமிமலையில் வெளியாட்களைப் பட்டறைக்குள் அனுமதிப்பார்களா? எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்? – பள்ளி ஆசிரியர், விழுப்புரம்.

பதில்: முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போனால் பெரும்பாலான ஸ்தபதிகள் அன்போடு அனுமதிக்கிறார்கள். தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின், அதாவது பூம்புகார் நிறுவனத்தின், சிலை உற்பத்தி நிலையமும் அங்கே இருக்கிறது. மாணவர்களை அழைத்துச் செல்வதானால் சிறு சிறு குழுக்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் உருக்கிய உலோகமும் நெருப்பும் புழங்கும் இடத்தில் கூட்டம் கூடாது.

ஒரே சிலை முதலிலிருந்து முடிவுவரை உருவாவதை ஒரு நாளில் பார்க்க முடியாது. ஆனால் ஒரு பட்டறையில் வெவ்வேறு கட்டங்களில் பல சிலைகள் இருக்கும் என்பதால் முழு வேலையையும் அங்கங்கே நின்று புரிந்துகொள்ளலாம். தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில்தான் முதல் உருவம் பிடிக்கப்படுகிறது. அதற்கு முன் ஸ்தபதி ஒரு தென்னையோலை நறுக்கைச் சிலையின் உயரத்துக்கு வெட்டி, சிற்ப நூல்கள் சொல்லும் தாளக் கணக்குப்படி, அதாவது உறுப்புகளின் அளவு விகிதப்படி, மடித்து மடித்துக் குறியிடுவதைத் தவறாமல் பார்க்கச் செய்யுங்கள். உத்தம தசதாளம் என்னும் அளவில் உருவத்தின் உயரம் 124 கூறுகளாகவும், நவதாளத்தில் 108 கூறுகளாகவும் பிரிக்கப்படுகிறது. நெற்றி, மூக்கு, மார்பு, முழங்கால் என ஒவ்வோர் உறுப்புக்கும் இத்தனை கூறு என்று வரையறை உண்டு. அளவுகோல் இல்லாமல் ஓலையின் மடிப்புகளாலேயே இவ்வளவு கணக்கும் நடப்பது கணித ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துச் சொல்லத் தக்கது.

மெழுகு உருவத்தின் மேல் முதலில் நயமான வண்டல் மண்ணை மெல்லியதாகப் பூசி நிழலில் உலர்த்துகிறார்கள். விரல் நுனியின் வளைவு முதல் அணிகளின் புள்ளிவரை எல்லா நுணுக்கத்தையும் பதித்துக்கொள்வது இந்தப் பூச்சுதான் என்பதால் அதன் நயத்தில் சிறிதும் விட்டுக்கொடுப்பதில்லை. அதற்கு மேல் மணல் கலந்த களிமண்ணை அடுத்தடுத்துப் பூசி, பெரிய அச்சானால் இரும்புக் கம்பியால் இறுகக் கட்டுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அச்சு காய நாளாகும். வார்ப்பைக் காண விரும்புகிறவர்கள் தை முதல் பங்குனி வரையிலான நாள்களில் போவது நல்லது. அச்சு நன்றாகக் காய்ந்த பிறகு வரட்டி நெருப்பில் சூடேற்றினால் உள்ளிருக்கும் மெழுகு உருகி வெளியேறிவிடும். பின்னர் அச்சை வாய் மேலே இருக்கும்படி மண்ணில் புதைத்து, உருக்கிய உலோகத்தை மெல்லிய தாரையாக, இடையில் அறாமல் ஊற்றுகிறார்கள். தாரை அறுந்தாலோ உள்ளே காற்று தங்கிவிட்டாலோ சிலையில் குறை விழும். ஆகவே ஊற்றும் சில நிமிடங்களில் பட்டறையில் யாரும் பேசுவதில்லை. மாணவர்களும் அந்த நேரத்தில் பேசக் கூடாது என்று முன்பே சொல்லிவைத்துவிடுங்கள்.

ஆறிய பிறகு அச்சை உடைத்தே சிலையை எடுக்க வேண்டும். எனவே ஓர் அச்சில் ஒரே சிலைதான். உளியாலும் அரத்தாலும் செதுக்கிச் சீராக்கும் வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது. முகத்துக்கும் விரல்களுக்கும் மட்டுமே பல நாள்கள் ஆவதுண்டு. வழிபாட்டுக்கு உரிய சிலையாக இருந்தால் இறுதியில் நல்ல நேரம் பார்த்துக் கண் திறக்கிறார்கள். 2023ஆம் ஆண்டு தில்லியில் ஜி-20 மாநாடு நடந்த பாரத் மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட 27 அடி உயர நடராஜர் சிலையைச் செய்தவர்கள் சுவாமிமலை ஸ்தபதிகளே என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள். அவ்வளவு பெரிய உருவமும் மெழுகு வார்ப்பு முறையில்தான் உருவானது.

கேள்வி: மகள் திருமணத்துக்கு நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வாங்க இருக்கிறோம். நல்ல விளக்கை எப்படித் தெரிந்துகொள்வது? – வாசகர், திருச்சிராப்பள்ளி.

பதில்: குத்துவிளக்கின் பாதம், தண்டு, எண்ணெய் நிற்கும் தகழி, உச்சியில் அமரும் அன்னம் ஆகியவை தனித்தனியே மணல் அச்சில் வார்க்கப்பட்டு, கடைசல் பிடிக்கப்பட்டு, மரை வெட்டி ஒன்றோடொன்று பொருத்தப்படுகின்றன. ஆகையால் வாங்கும்போது விளக்கை முழுவதும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மரை ஆழமாகவும் சீராகவும் இருந்தால், மீண்டும் பூட்டும்போது தண்டு சாயாமல் நேராக நிற்கும். பாதத்தைக் கவிழ்த்து, அடியில் எடைக்காக வேறு பொருள் எதையும் வைத்து அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், ஏனென்றால் விளக்கு எடைக்குத்தான் விற்கப்படுகிறது. தகழியில் சிறிது தண்ணீர் ஊற்றிவைத்துக் கசிவில்லை என்று உறுதி செய்துகொள்வதும், ஐந்து முகங்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று கவனிப்பதும் அவசியம். ஒரு முகம் தாழ்ந்திருந்தால் அதன் வழியாகவே எண்ணெய் வழியும்.

திருமண நாளுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே பட்டறையில் சொல்லிவைத்தால், வேண்டிய உயரத்தில் செய்து தருவார்கள். பேரம் பேசுவது பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன்: பித்தளையின் விலை அன்றன்று மாறும், அதில் கைவினைஞர் குறைக்கக்கூடியது ஏதுமில்லை. நாம் குறைத்துக் கேட்பதெல்லாம் அவருடைய கூலியில்தான் போய் விழுகிறது. அனலுக்கு முன் நின்று உழைக்கும் ஒருவரின் கூலியில் கை வைக்காமல் வாங்குவதே மங்கல காரியத்துக்குப் பொருத்தம்.

கேள்வி: நெடுஞ்சாலை எங்கும் ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்ற பலகையைப் பார்க்கிறேன். கும்பகோணத்தில் குடித்தால் வேறுபாடு தெரியுமா? அங்கே வேறு எதைச் சாப்பிட்டுப் பார்க்கலாம்? – வாசகர், கோயம்புத்தூர்.

பதில்: வேறுபாடு பாலில்தான் தெரியும். தண்ணீர் சேராத, அன்று கறந்த பசும்பாலை அப்போதே காய்ச்சி, புதிதாக இறங்கிய கெட்டி டிக்காஷனை அளவாகச் சேர்த்துப் பித்தளை டவரா டம்ளரில் ஆற்றித் தருவதுதான் அந்தக் காபியின் முறை. பித்தளை டம்ளர் மட்டும் இருந்து, பால் காலையிலிருந்து அடுப்பிலேயே சுண்டிக்கொண்டிருந்தால் எந்த ஊர்ப் பெயரும் அதைக் காப்பாற்றாது. கும்பகோணத்திலும் எல்லாக் கடைகளிலும் ஒரே தரம் கிடைப்பதில்லை. விடியற்காலையில் உள்ளூர்க்காரர்கள் நின்று குடிக்கும் பழைய கடைகளுக்கு, முதல் டிக்காஷன் இறங்கும் நேரத்தில் போங்கள். சர்க்கரையைக் குறைத்துக் கேட்டால் சிக்கரியின் லேசான கசப்பும் பாலின் இனிப்பும் தனித்தனியே நாவில் தெரியும்.

காபிக்கு முன் இட்லியோ தோசையோ சாப்பிட்டால் தொட்டுக்கொள்ளக் கடப்பா இருக்கிறதா என்று கேளுங்கள். பாசிப்பருப்பையும் உருளைக்கிழங்கையும் வேகவைத்து, தேங்காய், பச்சை மிளகாய், சோம்பு, கசகசா அரைத்துவிட்டுச் செய்யும் இந்தக் குழம்பு தஞ்சைப் பகுதிக்கே உரியது. பல கடைகளில் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே போடுகிறார்கள் என்பதால் பயணத்தில் ஒரு ஞாயிறு அமையுமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருபுவனத்திலும் நரசிங்கம்பேட்டையிலும் சிறிது நேரமே இருக்க முடியும். எதைப் பார்ப்பது? – வாசகி, மதுரை.

பதில்: திருபுவனத்தில் சௌராஷ்டிர நெசவாளர்கள் வாழும் தெருக்களில் தறியைப் பார்த்துவிட்டுக் கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையத்துக்குப் போனால், அங்கே சேலையை விசிறி மடிப்பாக மடித்து வைத்திருப்பதைக் காணலாம். திருபுவனம் பட்டுக்கே உரிய மடிப்பு அது. நேரம் குறைவென்றால் இதை அரை மணியில் முடித்துக்கொண்டு நரசிங்கம்பேட்டைக்குப் போய்விடுங்கள்.

அங்கே நாதசுரம் செய்யும் குடும்பங்கள் சிலவே இருக்கின்றன. பழைய வீடுகளிலிருந்து கிடைக்கும், பல பத்தாண்டுகள் உலர்ந்து இறுகிய ஆச்சா மரத்தைக் கடைந்து, உள்ளே நீளத் துளையிட்டு, விரல் வைக்கும் ஏழு துளைகளையும் மேலும் ஐந்து துளைகளையும் போடுகிறார்கள். இந்தத் துளைகளின் இடம் நூலளவு பிசகினாலும் சுருதி சேராது. குட்டையான திமிரி நாதசுரமே பெருவழக்காக இருந்த காலத்தில், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக நீளமான பாரி நாதசுரத்தைச் செய்து தந்தவர் இவ்வூரைச் சேர்ந்த ரங்கநாதன் ஆசாரி. இன்றைய கச்சேரி மேடைகளில் ஒலிப்பது பெரும்பாலும் பாரியே. புவிசார் குறியீடும் 2022இல் கிடைத்துவிட்டது; ஆனால் இளைய தலைமுறை இந்த வேலைக்கு வருவது குறைவாக இருப்பதால், உங்கள் ஊர்க் கோவிலுக்கோ இசைப் பள்ளிக்கோ நாதசுரம் வாங்கும் திட்டம் இருந்தால் நேரில் போய்ச் சொல்லிச் செய்யுங்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: கும்பகோணம் வெற்றிலையை ஊருக்கு வாடாமல் கொண்டுவர முடியுமா? – வாசகர், ஈரோடு.

பதில்: முடியும். ராஜகிரி, பண்டாரவாடை முதலான ஆற்றோர ஊர்களில், அகத்தியில் ஏற்றிவிட்ட கொடிக்கால்களிலிருந்து வரும் இளம் வெற்றிலையைக் கடையில் கவுளிக் கணக்கில், அதாவது அடுக்கிய கட்டுகளாக, வாங்கி, வாழையிலையில் சுற்றி, மேலே ஈரத்துணி போர்த்தி எடுத்து வாருங்கள். நெகிழிப் பையில் இறுக்கிக் கட்டினால் வேர்த்து அழுகிவிடும். புறப்படும் நாளில் கடைசியாக வாங்குங்கள். சீவலையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: சுவாமிமலையில் சிறிய நடராஜர் சிலை ஒன்று வாங்கிச் சிங்கப்பூருக்கு எடுத்துச் செல்ல எண்ணுகிறேன். விமான நிலையத்தில் தடை வருமா? – வாசகி, சிங்கப்பூர்.

பதில்: நூறாண்டும் அதற்கு மேலும் பழமையான சிலைகள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள், அவற்றைத் தனியார் நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல முடியாது. புதிய சிலைக்குத் தடையில்லை. ஆயினும் பழமைத் தோற்றம் வரும்படி நிறமேற்றிய சிலைகளைக் கண்டால் சுங்க அதிகாரிகள் ஐயம் கொள்வது இயல்பு. எனவே செய்தவரின் பெயர், முகவரி, செய்த ஆண்டு, எடை, உயரம் ஆகியவை குறிக்கப்பட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘இது தொல்பொருள் அன்று’ என்னும் சான்றிதழையும் பெற்றுக்கொள்வது பாதுகாப்பானது. அதற்குச் சிலையையும் புகைப்படங்களையும் காட்ட வேண்டியிருக்கும், சில நாள்களும் ஆகும் என்பதால் பயணத்தின் தொடக்கத்திலேயே சிலையை வாங்கிவிடுங்கள். இத்தகைய சான்றிதழ் வேலையை முன்பே செய்து பழகிய பட்டறைக்காரர்களிடம் சொன்னால் அவர்களே உதவுவார்கள். விலை பேசும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.