பாறைப் பொந்தில் கழியை நுழைத்து மீன் பிடிப்பது எப்படி?

வட கலிபோர்னியாவின் பாறைக் கரைகளில் சிலர் தூண்டில் வீசாமல், நீண்ட கழியைப் பொந்துகளில் நுழைப்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே மீன் பாறை இடுக்கில்தான் குடியிருக்கிறது. தூண்டிலை வீசினால் நூல் பாறையிலும் பாசியிலும் சிக்கிக்கொள்ளும். அதனால் இரையை மீனின் வாசலுக்கே கொண்டுபோகிறார்கள்.

கருவி மிக எளிது. எட்டு முதல் பன்னிரண்டு அடி மூங்கில், நுனியில் விறைப்பான கம்பி, அதிலிருந்து சில அங்குல நூல், ஒரு முள். துணி மாட்டும் கம்பியை நிமிர்த்திக் கட்டுபவர்களும் உண்டு. இரைக்குக் கணவாய்த் துண்டு போதும். முள்ளில் உறுதியாக நிற்கும்.

முக்கியமாகக் கிடைப்பது ‘குரங்குமுக விலாங்கு’. பெயர்தான் விலாங்கு, உண்மையில் அது வேறு இனம். வளர்ந்தபின் பெரும்பாலும் பாசியைத் தின்னும் இந்த மீன் கணவாயையும் விடாது. காற்றையும் சுவாசிக்கும், ஈரம் இருந்தால் முப்பது மணி நேரத்துக்கு மேலும் தண்ணீருக்கு வெளியே உயிரோடு இருக்கும். கடித்ததும் தாமதிக்காமல் இழுங்கள். உடலை இடுக்கில் இறுக்கிக்கொண்டால் பிறகு அசைக்க முடியாது.

கடல் மிகவும் வற்றும் நாளைப் பார்த்து, வற்றம் முடிவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே இறங்குங்கள். நீர் ஏறத் தொடங்கியதும் கரையேறிவிடுங்கள். அலைக்கு ஒருபோதும் முதுகு காட்டாதீர்கள். அமைதியான நாளிலும் திடீரென ஒரு பேரலை வந்து ஆளை இழுத்துவிடும். தனியாகப் போகவே வேண்டாம்.