கரண்ட் தரும் துணியும் பைபர் போட்டும்: கேள்வி பதில்

புடவைப் பொறியியல் படித்தவன் என்பதால் நம் பகுதி ஆட்கள் அடிக்கடி என்னிடம் கேட்பவை இவை.

மருதமுனையிலிருந்து ஒரு நெசவாளர்: சேர், துணியிலேயே கரண்ட் எடுக்கலாமாமே. நாங்க நெய்யிற சாறன் போன் சார்ஜ் பண்ணுமா?

பண்ணலாம், ஆனால் ஆமை வேகத்தில். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் ட்ரென்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் திலக் டயஸின் குழு 2022இல் 1,200 குட்டிச் சூரியக் கலங்களை வைத்து ஒரு துணி நெய்தது. கலம் ஒன்று 5 மில்லிமீற்றர் நீளம், ஒன்றரை மில்லிமீற்றர் அகலம்தான். ரெசினால் (இறுகிக் கெட்டியாகும் பசையால்) மூடியிருப்பதால் மற்ற உடுப்புகளோடு சேர்த்தே துவைக்கலாம். வெயிலில் 400 மில்லிவாட், அதாவது 0.4 வாட் வரை கிடைக்கும் என்றார்கள். இப்போதைய போன் பெற்றரி ஏறக்குறைய 15 வாட்மணி பிடிக்கும். கணக்குப் போட்டால் 37 மணி நேரத்துக்கு மேல் நல்ல வெயில் வேண்டும். நாடித்துடிப்பு பார்க்கும் சின்ன உணரிக்கோ (சென்சர்) அதில் கொஞ்சமே போதும். நான் நம்பிக்கை வைத்திருப்பது அங்கேதான்.

உங்கள் கைக்கு வேலை இருப்பதும் இதில்தான். இந்தத் துணிகள் பெரும்பாலும் பழுதாவது கம்பியும் கலமும் பற்றவைத்த முனையில். பிழியும்போது, மடிக்கும்போது அந்த இடம்தான் முறியும். உலோக நூல் பருத்தி மாதிரி இழுபட்டுக் கொடுக்காது. பாவில், அதாவது நீளவாட்டு நூலில் போட்டால், தறியின் விழுது ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் இழுபடும், அச்சிலும் உரசும். ஊடையில், குறுக்கு நூலில் போடுங்கள். தறியில் இருப்பவருக்கு இது சொல்லாமலே விளங்கும், ஆய்வுகூடத்தில் பலருக்கு விளங்குவதில்லை.

ஏறாவூர் மாணவி: உரசலிலும் உடம்புச் சூட்டிலும் கரண்ட் எடுக்கலாம்தானே, சேர்?

உரசலில் எடுக்கும் முறையை 2012இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் சோங் லின் வாங் குழு காட்டியது, மகள். நூற்றுக்கணக்கான வோல்ட் வரும், மின்னோட்டம் மைக்ரோஅம்பியர் கணக்கில்தான். ஈரக்காற்றில் மின்னேற்றம் கசிந்து போய்விடும், நம் கரையோரத்துக்கு அது பெரிய இடைஞ்சல். சூடு என்றால், தோலுக்கும் காற்றுக்கும் வெப்ப வித்தியாசம் வேண்டும். மட்டக்களப்பு மத்தியானத்தில் அது எங்கே இருக்கிறது? இங்கே வெயிலை நம்புவதுதான் புத்தி.

வாழைச்சேனை போட்காரர் ஒருவர்: தம்பி, பைபர் போட்டின் அடி வெடிச்சிட்டு. காபன் துணி ஒட்டினா உறுதியா இருக்குமா?

வேண்டாம் அண்ணே. பைபர் போட் கண்ணாடி இழையில் செய்தது, காபன் அதை விட விறைப்பு. இரண்டையும் சேர்த்தால் பாரமெல்லாம் அந்த ஒட்டின் மேலேயே விழும், அதன் ஓரத்தில் திரும்ப வெடிக்கும். உப்புத்தண்ணியில் காபன் பட்ட அலுமினியமும் அரித்துப்போகும். பழைய மாதிரிக் கண்ணாடி இழைத் துணியே போடுங்கள். முதலில் நல்ல தண்ணியால் உப்புப் போகக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு வெடிப்பைச் சுற்றிச் சரிவாகத் தேயுங்கள்: தடிப்பு 5 மில்லிமீற்றர் என்றால் சரிவு 60 மில்லிமீற்றராவது வேண்டும். வெடிப்புக்கு மேலே சும்மா ஒரு துண்டை ஒட்டினால் கடலில் கழன்றுவிடும். உயிர் போகிற காரியம், அவசரப்படாதீர்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: வாழை நாரில் போட் செய்ய முடியாதா?

வாழை நார் தண்ணியை உறிஞ்சி ஊதும், ரெசினை விட்டுப் பிரியும். சோடியம் ஐதரொட்சைட்டில் (காஸ்ரிக் சோடா) ஊறவைத்தால் பிடிப்புக் கூடும், ஆனாலும் தண்ணிக்குள் கிடக்கும் பாகத்துக்கு நான் துணியமாட்டேன். கதவுப் பலகை, தட்டு, ஆசனம் என்று தொடங்குங்கள்.