காதல் நகைச்சுவை அனிமேகளில் (ஜப்பானிய அனிமேஷன் தொடர்களில்) ஒருவனைப் பல பெண்கள் விரும்பும்போது, அந்தப் போட்டியை எப்படி முடிக்கிறார்கள்?

கேள்வியைப் பார்த்ததுமே எழுத உட்கார்ந்துவிட்டேன். ஒரு பையன், அவனை விரும்பும் இரண்டு மூன்று பெண்கள், இருபது எபிசோடு இழுபறி. கடைசியில் இந்த முடிச்சை எப்படித்தான் அவிழ்க்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

யார் ஜெயிப்பாள் என்பது பெரும்பாலும் முதல் எபிசோடிலேயே தெரிந்துவிடும். அவனோடு சண்டை போட்டுக்கொண்டே கதைக்குள் வருகிறவள் யாரோ, அவள்தான். கதாசிரியருக்குக் கஷ்டமான வேலை, கிடைக்காமல் போனவளை எப்படி அனுப்பிவைப்பது என்பது. நான் ஒரு தொடரை நல்ல தொடர் என்று சொல்வதும் அதை வைத்துத்தான்.

டோராடோரா தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ரியூஜிக்கு மினோரி மேல் ஆசை. மினோரியின் உயிர்த்தோழி தைகாவுக்கு, ரியூஜியின் நண்பன் கிட்டாமுரா மேல் ஆசை. ஒருவர் காதலுக்கு மற்றவர் உதவுவது என்று ரியூஜியும் தைகாவும் பேசி வைத்துக்கொள்கிறார்கள். பேச்சு எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் 19ஆவது எபிசோடு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, யாரும் எதிர்பார்க்காத மாதிரி இருக்கும்.

தனியாக இருக்கும் தைகாவைப் பார்க்க ரியூஜி கரடி வேஷத்தில் வருகிறான். அவள் சிரிக்கிறாள், கட்டிக்கொள்கிறாள், அப்புறம் மினோரி உனக்காகப் பள்ளிக்கு வருவாள், போ என்று அவளே அவனை அனுப்பிவிடுகிறாள். கதவை மூடின பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைக்கிறது. குளிரில் தெருவுக்கு ஓடிவந்து ரியூஜி, ரியூஜி என்று கத்தி அழுகிறாள். அவன் அதற்குள் போய்விட்டான். அவன் காதில் விழாத அந்த அழுகையை மினோரி பார்த்துவிடுகிறாள்.

போட்டி முடிந்த இடம் அதுதான். மினோரி நேராகப் பள்ளிக்குப் போகிறாள். ரியூஜி வாயைத் திறப்பதற்கு முன்பே பேச ஆரம்பிக்கிறாள். முன்பு ஒரு கோடைப் பயணத்தில், தன் கண்ணுக்கு என்றாவது பேய் தெரியுமா என்று அவனிடம் கேட்டிருந்தாள். பேய் என்று அவள் சொன்னது காதலை. இப்போது, அது எனக்குத் தெரியாமலே இருக்கட்டும் என்கிறாள். அவன் மனதில் இருந்ததைச் சொல்லவே முடியாமல் போகிறது.

இதில் யாரும் யாரையும் தோற்கடிக்கவில்லை. தோழிக்காக ஒருத்தி பொய் சொல்கிறாள், அவ்வளவுதான். அந்தத் தொடர் எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கும் என்றால், அந்தப் பொய்யைத் தியாகம் என்று கொண்டாடி அப்படியே விட்டுவிடவில்லை. 24ஆவது எபிசோடில், பள்ளித் தாழ்வாரத்தில் ஓடிக்கொண்டே, உன்னை எனக்குப் பிடிக்கும், ரொம்ப நாளாகவே பிடிக்கும் என்று மினோரி அவனிடமே சொல்லிவிடுகிறாள். அவன் தைகாவிடம்தான் போகப் போகிறான் என்று தெரிந்தே சொல்கிறாள். எதையும் மாற்றுவதற்காகச் சொன்னது இல்லை. சொல்லாமல் வைத்துக்கொண்டு அவளால் இருக்க முடியாது. கல்லூரி விடுதியில் இந்தக் காட்சியைப் பார்த்த இரவு, அடுத்த எபிசோடைப் போட மனசு வராமல் ரொம்ப நேரம் மொட்டை மாடியில் நின்றிருந்தேன்.

இந்தத் தொடர் இவ்வளவு முழுமையாக முடிந்ததற்கு நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. மூலக் கதையான லைட் நாவலின் (இளைஞர்களுக்கான, படங்களோடு வரும் ஜப்பானிய நாவல்) பத்தாவது, கடைசித் தொகுதி 2009 மார்ச்சில் வந்தது. அனிமே முடிந்ததும் அதே மாதம். பெரும்பாலான தொடர்களுக்கு இந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. நிசேகோய் அனிமே 2015இல் இரண்டாவது சீசனோடு நின்றுபோனது, அதன் மூலமான மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) முடிந்ததோ 2016இல். நாயகன் ராக்கு சிதோகேயைத் தேர்ந்தெடுப்பதும், அவனை விரும்பிய ஒனோதேரா தன் மனதைச் சொல்லிவிட்டு விலகுவதும் மாங்கா படித்தவர்களுக்குத்தான் கிடைத்தது. அமகாமி எஸ்எஸ் வேறு வழியில் போனது: நான்கு எபிசோடுக்கு ஒரு பெண் என்று கதையைத் திரும்பத் திரும்பத் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், எல்லோரையும் ஜெயிக்கவைத்துவிட்டார்கள். பார்க்க இனிமையாகத்தான் இருக்கும், ஆனால் யாருக்கும் எதுவும் வலிக்காததால் எனக்கு மனதில் நிற்கவில்லை.

தோற்றவருக்கு வேறு ஜோடி பிடித்துக் கொடுப்பது பழைய வழி. கடைசி எபிசோடில் அவசரமாகச் செய்தால் எனக்குக் கோபம் வரும். மெசோன் இக்கோகு அதை அழகாகச் செய்திருக்கிறது. டென்னிஸ் பயிற்சியாளர் மிதாக்காவுக்கு நாய் என்றாலே உதறல். ஆனால் அவர் விரும்பும் கியோகோ நாய் வளர்க்கிறாள். அவளுக்காகத் தன் பயத்தோடு போராடி, தானும் ஒரு நாய் வாங்குகிறார். வீட்டார் பார்த்து வைத்த பெண் அசுனா வீட்டிலும் நாய்கள். கடைசியில் அந்த வீட்டு நாய் கர்ப்பமானதை அசுனாவே கர்ப்பம் என்று தப்பாகப் புரிந்துகொண்டு அவளைக் கைப்பிடிக்கிறார். விழுந்து விழுந்து சிரிக்கலாம். ஆனால் அந்த நாய்ப் பயத்தை எத்தனையோ எபிசோடு முன்பிருந்தே விதைத்து வந்திருப்பதால் ஒட்டவைத்த முடிவாகத் தெரியாது.

இதற்கு நேர் எதிர், 1988 அக்டோபரில் வந்த கிமகுரே ஆரஞ்ச் ரோடு திரைப்படம். தொலைக்காட்சித் தொடர் கலகலப்பான முக்கோணக் காதல். படத்தில் சிரிப்பே இல்லை. கியோசுகே விரும்புவது மதோகாவை. உன்னை அப்படி விரும்பவில்லை என்று, தன்னை விரும்பும் ஹிகாருவிடம் அவன் சொல்லியே ஆகவேண்டும். சொன்ன பிறகும் அவள் ஏற்க மறுத்து விடாமல் வருகிறாள். அவள் இழப்பது அவனை மட்டுமா, அக்கா மாதிரி நினைத்த மதோகாவையும்தானே. இத்தனை வருடம் சிரித்துச் சமாளித்ததெல்லாம் ஒருவருக்கு இவ்வளவு வலியாக முடியும் என்று படம் நேராகக் காட்டுகிறது. எல்லோருக்கும் பிடிக்காது. எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

கிடைக்காமல் போன பெண்ணை ஜப்பானிய ரசிகர்கள் மாகே ஹீரோயின், அதாவது தோற்கிற நாயகி என்பார்கள். சிறுவயதுத் தோழி தோற்பாள், புதிதாக வந்து சேர்ந்தவள் ஜெயிப்பாள் என்பது எழுதப்படாத விதி. 2024இல் வந்த மாகெயின் தொடர் அந்தத் தோல்வியிலிருந்தே தொடங்குகிறது. உணவகத்தில் உட்கார்ந்து, சிறுவயதுத் தோழனை, போ, அவளிடம் போ என்று யானாமி அனுப்பிவிடுகிறாள். அவன் போனதும், அவன் பாதி குடித்து வைத்த கிளாஸை மெல்லத் தன் பக்கம் இழுத்து, அதே ஸ்ட்ராவில் வாய் வைக்கிறாள். நிமிர்ந்தால், அடுத்த மேசையிலிருந்து வகுப்புப் பையன் நுகுமிசு பார்த்துக்கொண்டிருக்கிறான். கையில் காசு போதாமல் அவனிடமே கடன் வாங்கி, மதிய உணவு கட்டிவந்து கொடுத்துக் கழிக்கிறாள். மற்ற தொடர்கள் கேமராவைத் திருப்பிக்கொள்ளும் இடத்தில் இது தொடங்குகிறது.

எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டால் டோராடோராதான். மொத்தம் 25 எபிசோடு. 19ஆவதில் தைகா தெருவுக்கு ஓடிவரும்போது எல்லோரும் அவளைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் மினோரியையும் பாருங்கள்.